பல்லுக்கு அன்டூ பட்டன் கிடையாது: வெனீர் போடுவதற்கு முன் நான் கேட்டிருக்க வேண்டியவை

(ஒலி வடிவத்திலிருந்து சுருக்கித் தொகுத்தது)

இந்த எபிசோட் நான் திட்டம் போட்டு எழுதினது இல்லை. வைகாசி மாசம் ஒரு ராத்திரி 11 மணிக்கு, ஆலங்குடியில் இருக்கிற சித்தி மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. ஒரு பல் கிளினிக்கின் எஸ்டிமேட். மேல் வரிசையில் 10 பல், பீங்கான் வெனீர், பல்லுக்கு 12,000, மொத்தம் 1,20,000. அடியில் பேனாவால், "3 சிட்டிங். கல்யாணத்துக்கு முன்னாடி முடிச்சிடலாம்" என்று எழுதியிருந்தது. கூடவே அவளுடைய மெசேஜ்: "அண்ணே, நீங்கதான் பண்ணிருக்கீங்களே. பண்ணலாமா?"

ஆமாம், நான் பண்ணியிருக்கேன். இந்த ஷோவில் ஒரு தடவைகூட சொன்னதில்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, வீடியோவிலும் பாட்காஸ்ட் போடலாம்னு ஒரு கேமரா வாங்கினேன். முதல் வீடியோவை எடிட் பண்ணும்போது என் முகத்தை நாலு மணி நேரம் தொடர்ந்து பார்த்தேன். முன் பல் ரெண்டுக்கும் நடுவில் சந்து, பக்கத்துப் பல் ஒண்ணு லேசாகத் திரும்பியிருக்கும். இருபத்தாறு வருஷமா அது அங்கேதான் இருந்தது, அன்னைக்குத்தான் கண்ணில் குத்தியது. சென்னையில், வேலை பார்க்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கிளினிக். போனேன், உட்கார்ந்தேன், ஸ்க்ரீனில் சிரிப்பு டிசைன் காட்டினாங்க, இஎம்ஐ இருக்குன்னு சொன்னாங்க. அரை மணி நேரத்தில் சரின்னுட்டேன். லேப்டாப் வாங்க மூணு மாசம் ரிவ்யூ பார்த்த ஆள் நான்.

அதனால் அவளுக்கு உடனே பதில் போட முடியவில்லை. "ரெண்டு நாள் குடு, ஊருக்கு வர்றேன்" என்று மட்டும் போட்டேன். அந்த ரெண்டு நாளில் படிச்சது, அப்புறம் புதுக்கோட்டையில் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது, என் வாயில் நடந்தது, இதெல்லாம் சேர்ந்ததுதான் இன்னைக்குப் பேச்சு. நான் டாக்டர் இல்லை, கோடு எழுதுற ஆள். பல் காலியான வாடிக்கையாளராகத்தான் பேசுறேன்.

முதலில், வெனீர்னா என்ன? பல்லின் முன்பக்கத்தில் மட்டும் ஒட்டுற மெல்லிய பீங்கான் ஓடு. தடிமன் பொதுவாக 0.3 மில்லிமீட்டரிலிருந்து 0.7 வரை, சில இடங்களில் கொஞ்சம் கூட. நகத்துக்கு மேல் ஒட்டுற நகம் மாதிரின்னு வெச்சுக்கலாம். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. நகம் வளரும். பல்லின் மேல் இருக்கிற எனாமல் வளராது. ஓடு ஒட்டினால் பல் தடித்துத் தெரியக் கூடாதுன்னு, பெரும்பாலும் அந்த அளவுக்கு எனாமலை முதலில் ராவி எடுப்பாங்க. எடுத்தது எடுத்ததுதான். அதுக்கப்புறம் அந்தப் பல் எப்பவும் எதையாவது போர்த்திக்கிட்டேதான் இருக்கணும். எங்க ஆபீஸ் பாஷையில் சொன்னா, ரோல்பேக் இல்லாத டிப்ளாய்மென்ட்.

இதில் எனக்குச் சிரிப்பு வந்த விஷயம், இந்தப் பொருள் பிறந்ததே கேமராவுக்காகத்தான். கலிபோர்னியாவில் சார்ல்ஸ் பின்கஸ் என்று ஒரு பல் மருத்துவர். 1920-களின் கடைசியிலிருந்து ஹாலிவுட் நடிகர்களுக்கு மெல்லிய ஓடுகள் செய்து கொடுத்தார். குழந்தை நட்சத்திரம் ஷிர்லி டெம்பிளுக்குப் பால் பல் விழுந்த இடம் தெரியாமல் இருக்கவும் அவர்தான் செய்து கொடுத்தார். பல் செட் ஒட்டுற பவுடரை வெச்சு ஒட்டுவார். ஷூட்டிங் முடிஞ்சதும் கழட்டி வெச்சிடலாம். அதாவது முதல் வெனீருக்கு அன்டூ பட்டன் இருந்தது! நிரந்தரமாக ஒட்டுற வழி அப்போ இல்லை. 1955-இல் மைக்கேல் புவனகோர் என்ற ஆராய்ச்சியாளர், பெயின்ட் நல்லாப் பிடிக்கணும்னு உலோகத்தின் மேல் பாஸ்பாரிக் அமிலம் தடவுற தொழிற்சாலை வழக்கத்தைப் பார்த்து, அதையே எனாமலில் முயற்சி பண்ணினார். அமிலம் பட்ட எனாமல் சொரசொரப்பாகி, பிசின் பிடிச்சுக்குது. அப்புறம் 1980-களின் தொடக்கத்தில் பீங்கானின் உள்பக்கத்தையும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தால் சொரசொரப்பாக்கக் கத்துக்கிட்டாங்க. ரெண்டு பக்கமும் சொரசொரப்பு, நடுவில் பிசின், மேலே நீல வெளிச்சம். இன்னைக்கும் அதுதான் அடிப்படை.

இந்தக் கதையை ஏன் இழுக்கிறேன்னா, இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. பிசின் நல்லாப் பிடிக்கிறது எனாமலில். அதுக்குக் கீழே இருக்கிற டென்டினில் அந்தப் பிடிப்பு அவ்வளவு நம்பகம் இல்லை. டென்டின் உயிருள்ள, ஈரமான திசு, நரம்போடு தொடர்பு உள்ளது. அதனால் எவ்வளவு ராவுறாங்க என்பதுதான் மொத்த விளையாட்டும். என்னோட திரும்பின பல்லை வெனீராலேயே நேராகக் காட்டணும்னா, ஒரு பக்கம் நிறைய ராவியாகணும். ராவினாங்க. டென்டின் வரைக்கும் போயிருக்குன்னு அப்புறம் இன்னொரு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொன்னார். "இதுக்கு அலைனரோ கம்பியோ போட்டு ஏழெட்டு மாசத்துல திருப்பியிருக்கலாமே தம்பி" என்றார். ஏழெட்டு மாசம்! அன்னைக்கு எனக்கு அது ரொம்ப நீளமாகத் தெரிஞ்சிருக்கும். இப்போ அந்தப் பல்லை ஆயுசுக்கும் பராமரிக்கணும்.

விளைவு என்னன்னு கேட்டா, கோடையில் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஐஸ் போட்ட நன்னாரி சர்பத்தை என்னால் முன் பல்லில் படாமல் ஸ்ட்ரா வெச்சு ஓரமாகத்தான் குடிக்க முடியும். ஏழாவது மாசம், பொங்கலுக்கு வீட்டில் கரும்பு. அப்பா உரிச்சுக் கொடுத்தார், நான் பழக்க தோஷத்தில் முன் பல்லால் கடிச்சேன். சக்கையோடு ஓடும் கையில் வந்தது. அம்மா பதறிப்போய், "பல்லு உடைஞ்சிருச்சா?" என்றார். பல் இல்லைம்மா, 12,000 ரூபாய் என்றேன். திரும்ப ஒட்டினாங்க. ஆனா அதுக்கப்புறம் அந்த ஒண்ணை நம்ப முடியலை.

இன்னொண்ணு, பாட்காஸ்டர்களுக்கு மட்டும் உறைக்கிற விஷயம். முன் பல்லை ஒரு மில்லிமீட்டர் நீளமாக்கினாங்க, சிரிப்பு இளமையாகத் தெரியும்னு. முதல் ரெண்டு வாரம் என்னோட 'ஸ' எல்லாம் விசில் அடிச்சது. 'ஃப' சொல்லும்போது கீழ் உதட்டில் பல் முட்டியது. மேல் முன் பல்லின் நுனி எங்கே இருக்கோ அதை வெச்சுத்தான் இந்த ஒலிகள் வருது. அந்த மாசத்து எபிசோடுகளில் மைக் மாத்திட்டீங்களான்னு கேட்டவங்களுக்கு இப்போதான் பதில் சொல்றேன்: இல்லை, பல்.

இதை ஒட்டுறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க ஒரு வழி இருந்திருக்கு, எனக்கு யாரும் காட்டலை. மாக்-அப் என்று பேர். முதலில் உங்க பல்லின் அச்சு எடுத்து, அதன் மேல் மெழுகால் புது வடிவம் செய்வாங்க. அந்த வடிவத்தைத் தற்காலிகப் பிசினால் உங்க பல் மேலேயே ராவாமல் அப்படியே போட்டுக் காட்டலாம். கண்ணாடியில் பார்க்கலாம், பேசிப் பார்க்கலாம், 'ஸ' சொல்லிப் பார்க்கலாம், அம்மாவுக்கு வீடியோ கால் போடலாம். பிடிக்கலையா, உரிச்சுப் போட்டுடலாம். எங்க ஆளுங்களுக்குச் சொன்னா, இது ஸ்டேஜிங் சர்வர். ஸ்க்ரீனில் காட்டுற அழகான சிமுலேஷன் வேற, வாயில் போட்டுப் பார்க்கிறது வேற. மாக்-அப் இல்லாமலேயே ராவுற மெஷினை எடுக்கிற இடத்தில் நாற்காலியிலிருந்து எழுந்துடுங்க. கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

சரி, சித்தி மகள் கதைக்கு வர்றேன். அவளுக்குப் பல் வரிசை சுத்தமாக இருக்கும். பிரச்சினை நிறம். முன் பல்லில் பழுப்புத் திட்டு, நடுநடுவே சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கோடு. ஸ்கூலிலிருந்தே போட்டோவில் வாயை மூடிக்கிட்டுத்தான் சிரிப்பாள். பொண்ணு பார்க்க வந்த ஒரு வீட்டில், "வெத்தலை போடுமா?" என்று யாரோ கேட்டுட்டுப் போயிருக்காங்க. சித்தி அதை இன்னும் மறக்கலை. இப்போ நிச்சயமான மாப்பிள்ளை வீட்டில் அப்படி யாரும் எதுவும் சொல்லலை. ஆனா கல்யாண ஆல்பம், வீடியோ, ட்ரோன்… "ஊரே பாக்கும்ல தம்பி. நகையில ஒண்ணைக் கொறைச்சுக்கிட்டாச்சும் பண்ணிருவோம்" என்றார் சித்தி. அதை நான் சாதாரணமா எடுத்துக்கலை. வாயை மூடிச் சிரிச்சுப் பழகினவங்களுக்குத்தான் அது என்னன்னு தெரியும்.

புதுக்கோட்டையில் 2023 நவம்பரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்தாங்க. சென்னைக்கும் சிதம்பரத்துக்கும் அடுத்து தமிழ்நாட்டில் இது மூணாவது அரசு பல் மருத்துவக் கல்லூரி. நம்ம மாவட்டத்தில் பலருக்கு இன்னும் அது பழக்கத்தில் வரலை. பல் வலின்னா தெரிஞ்ச கிளினிக், இல்லேன்னா திருச்சி. ஆலங்குடியிலிருந்து காலையில் டவுன் பஸ் பிடிச்சோம். அவளுக்கு டிக்கெட் கிடையாது, எனக்கு உண்டு. அதுக்கு ஒரு சிரிப்பு, அதையும் கையால் மறைச்சுக்கிட்டு. ஓபி சீட்டு போட்டுட்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். வரிசை நீளம்தான். ஒரு தனியார் கிளினிக் சோபா மாதிரி எதிர்பார்க்காதீங்க. ஆனா அங்கே யாருக்கும் உங்களிடம் எதையும் விற்க வேண்டிய அவசரம் இல்லை. ரெண்டாவது கருத்து கேட்க அதுதான் நல்ல இடம்.

பார்த்த டாக்டர் அம்மா முதலில் கேட்ட கேள்வி பல்லைப் பத்தி இல்லை. "சின்ன வயசுல எங்கம்மா இருந்தே?"

மூணாங்கிளாஸ் வரைக்கும் தர்மபுரி. சித்தப்பாவுக்கு அங்கே வேலை. வீட்டில் போர் தண்ணிதான். அவ்வளவுதான், விஷயம் வெளியே வந்துடுச்சு. ஃப்ளூரோசிஸ், லேசான வகை. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லைன்னா 1.5 வரைன்னு இந்தியத் தரநிர்ணயம் சொல்லுது. அங்கே பல கிராமங்களில் அதைத் தாண்டி இருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஜப்பான் கடனுதவி, 2008-இல் அடிக்கல், 2013-இல் திறப்பு. அந்தத் திட்டத்தின் பேரிலேயே ஃப்ளூரோசிஸ் தணிப்பு என்று இருக்கும். பல் எனாமல் தாடைக்குள்ளே உருவாகிற காலத்தில், அதாவது சுமார் எட்டு வயசுக்குள்ளே, அந்தத் தண்ணி குடிச்சால்தான் திட்டு வரும். வளர்ந்தப்புறம் குடிச்சு இந்தத் திட்டு வராது. வெத்தலையும் இல்லை, பல் தேய்க்காததும் இல்லை. இதை டாக்டர் சொன்னப்போ அவள் முகத்தைப் பார்த்திருக்கணும். பதினஞ்சு வருஷமா தினமும் ரெண்டு வேளை தேய்ச்சு, தன்மேலதான் தப்புன்னு நினைச்சுக்கிட்டிருந்த பொண்ணு.

டாக்டர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்றேன். வரிசை நல்லாருக்கு, வடிவம் நல்லாருக்கு, நிறம்தான் குறை. நிறத்துக்காக 24 வயசில் பத்துப் பல்லை ராவ வேண்டியதில்லை. கீழேயிருந்து ஏறணும்: முதலில் பல் சுத்தம், அப்புறம் மைக்ரோஅப்ரேஷன், அதாவது அமிலமும் நுண்துகளும் கலந்த பசையால் மேல் அடுக்கை மைக்ரான் கணக்கில் மட்டும் தேய்ச்சு எடுக்கிறது. அப்புறம் பிளீச்சிங். அதுக்கும் போகாத திட்டு ஏதாவது இருந்தா அந்த இடத்தில் மட்டும் காம்போசிட், பல் நிறப் பிசின். இதெல்லாம் பண்ணியும் திருப்தி இல்லேன்னா அப்போ வெனீர், அதுவும் தேவையான பல்லுக்கு மட்டும். கடுமையான ஃப்ளூரோசிஸ், குழி விழுந்த பல், அடிபட்டுக் கறுத்த பல், இதுக்கெல்லாம் வெனீர் நல்ல சிகிச்சைதான் என்றும் அவரே சொன்னார். நான் வெனீருக்கு எதிரி இல்லைங்க. ஒரே ராவில் பத்துக்கு எதிரி.

இன்னொண்ணும் சொன்னார். ஃப்ளூரோசிஸ் எனாமலில் அமிலம் சரியாக வேலை செய்யாது, பிசின் பிடிப்பு வழக்கத்தைவிடக் குறையலாம். அதைத் தெரிஞ்சு செய்ற டாக்டர் வேணும். அவள் வாங்கிய எஸ்டிமேட்டில் ஃப்ளூரோசிஸ் என்ற வார்த்தையே இல்லை.

வயசுக் கணக்கை நான் பஸ்ஸில் வரும்போது போட்டுப் பார்த்தேன். நல்லாப் போட்ட வெனீர் 10 முதல் 15 வருஷம் உழைக்கும். 24-இல் போட்டா 37-ல் ஒரு தடவை மாத்தணும், 50-ல் ஒரு தடவை, 63-ல் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் பழசை ராவி எடுக்கும்போது கொஞ்சம் பல்லும் போகும். கையில் வாங்கிய எஸ்டிமேட் முதல் தவணைக்கு மட்டும்தான். அதை யாரும் எழுதித் தர மாட்டாங்க.

அடுத்து ஒரு எச்சரிக்கை. வெனீர்னு பேசிட்டு கேப் போடுறது. கேப், கிரவுன்னா பல்லைச் சுத்திலும் ராவி மூடுறது. 2002-இல் வெளிவந்த ஒரு ஆய்வு, எவ்வளவு பல் போகுதுன்னு எடை போட்டுப் பார்த்தது. வெனீர் வகைகளுக்கு 3 முதல் 30 சதவீதம். முழு கிரவுனுக்கு 63 முதல் 72 சதவீதம். பிரிட்டனிலிருந்து இளவட்டங்கள் மலிவாகச் சிரிப்பு வாங்கத் துருக்கிக்குப் போய் வர்றாங்க, 'துருக்கிப் பல்' என்றே அங்கே பேர். அதில் பலர் வெனீர்னு நினைச்சுப் போய், நல்ல பல்லைக் குச்சியாகச் சீவி கிரவுன் போட்டுக்கிட்டு வந்தாங்க. அங்கே உள்ள பல் மருத்துவர் சங்கம் திரும்பத் திரும்ப எச்சரிச்சிருக்கு. நம்ம ஊரிலும் எஸ்டிமேட்டில் எது எழுதியிருக்குன்னு பாருங்க. "எத்தனை மில்லிமீட்டர் ராவுவீங்க, பின்பக்கமும் ராவுவீங்களா?" இந்த ஒரு கேள்வி போதும். பின்பக்கமும்னு பதில் வந்தா அது வெனீர் இல்லை.

நிறத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. பீங்கானை பிளீச் பண்ண முடியாது. அதனால் மத்த பல்லை வெளுக்க வைக்கணும்னா முன்னாடியே வெளுத்து, ஏறக்குறைய ரெண்டு வாரம் விட்டு, நிறம் நின்னப்புறம்தான் ஓட்டின் நிறத்தை முடிவு பண்ணணும். பிளீச் பண்ணின உடனே ஒட்டினா பிசினும் சரியாகப் பிடிக்காது. அப்புறம், ரொம்ப வெள்ளை வேண்டாம் மக்களே. கிளினிக் வெளிச்சத்தில் அழகாகத் தெரிவது, நம்ம நிறத்துக்கு வெயிலில் டியூப்லைட் மாதிரி இருக்கும். நிற அட்டையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்க.

தூக்கத்தில் பல் கடிக்கிற பழக்கம் இருந்தா அதை மறைக்காதீங்க. ராத்திரிக்கு ஒரு காவல் தட்டு போட்டுக்கணும், இல்லேன்னா ஓடு விரிசல் விடும். ஈறு வீங்கி ரத்தம் வந்தா அதை முதலில் சரி பண்ணணும். ஓட்டுக்குச் சொத்தை வராது, ஆனா ஓடு முடியுற விளிம்பில் இருக்கிற உங்க பல்லுக்கு வரும். முன் பல்லால் சீடை, கடலை மிட்டாய், நகம், சோடா மூடி, எதுவும் வேண்டாம். பலாப்பழம் சாப்பிடலாம், வடகாட்டுக்காரங்க கோவிச்சுக்க வேண்டாம்.

யார் செய்றாங்கன்னு பார்க்கிறதுக்கு வெட்கப்படவே கூடாது. சட்டப்படி, பதிவு பெற்றவர்தான் பல்லைத் தொடலாம். தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு எண் இருக்கும், சுவரில் சான்றிதழ் இருக்கும். இந்த வேலைக்குப் புரோஸ்தோடான்டிக்ஸ் அல்லது கன்சர்வேட்டிவ் பிரிவில் எம்டிஎஸ் படிச்சவரா, அவர் போட்ட வெனீர் அஞ்சு வருஷம் கழிச்சு எப்படி இருக்குன்னு போட்டோ இருக்கா என்று கேளுங்க. போட்ட அன்னைக்கு எடுத்த போட்டோ எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

கருவிச் சுத்தம் சின்ன விஷயம்னு நான் நினைச்சிருந்தேன். 2023-இல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்தவங்களில் 8 பேர், மூளையைத் தாக்குற ஒரு பாக்டீரியா தொற்றால் இறந்தாங்க. கிருமி நீக்கம் செய்யாத கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து, அதே பாட்டிலைப் பலருக்குப் பயன்படுத்தியதை ஆய்வு செய்தவங்க சுட்டிக்காட்டினாங்க. 2025-இல் லான்செட் குழும இதழ் ஒண்ணில் அது வெளியானது. கருவிப் பாக்கெட்டை உங்க கண் முன்னாடி பிரிக்கச் சொல்லுங்க. நல்ல டாக்டர் அதுக்குக் கோவிச்சுக்க மாட்டார்.

பில், எக்ஸ்ரே, ராவுறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ, பீங்கான் கம்பெனியின் கார்டு, எல்லாத்தையும் வாங்கி வெச்சுக்கோங்க. காசு கொடுத்து எடுக்கிற மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள்ளே வரும்னு உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிடுச்சு. என்னிடம் எதுவும் இல்லை, இஎம்ஐ மெசேஜ் மட்டும்தான் இருக்கு. அதனால்தான் என் விஷயம் பேச்சோடு நிக்குது.

சித்தி மகள் கடைசியில் என்ன பண்ணினாள்? சித்தியைச் சமாதானப்படுத்தத்தான் நேரம் ஆச்சு. "கம்மி காசுல பண்ணா நல்லாருக்குமா தம்பி?" என்பதுதான் அவங்க பயம். புதுக்கோட்டையிலேயே எம்டிஎஸ் படிச்ச ஒரு டாக்டரிடம் மைக்ரோஅப்ரேஷன், பிளீச்சிங், ரெண்டு வாரம் கழிச்சு ஒரே ஒரு பல்லில் சின்ன காம்போசிட். மொத்தம் 14,500. பிளீச்சிங் சமயத்தில் நாலஞ்சு நாள் பல் கூசியது, அப்புறம் சரியாயிடுச்சு. பழுப்பு போயிடுச்சு. வெள்ளைக் கோடு முழுசாகப் போகலை, ஜூம் பண்ணிப் பார்த்தா தெரியும். காம்போசிட்டும் நாலஞ்சு வருஷத்தில் நிறம் மங்கும், அப்போ மாத்தணும், அதையும் டாக்டர் சொல்லித்தான் போட்டார்.

ஆவணியில் கல்யாணம். மேடையில் போட்டோகிராபர், "ஸ்மைல் பண்ணுங்க மேடம்" என்று சொல்லிக்கிட்டே இருந்தார். மூணாவது போட்டோவிலிருந்து அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கலை. மாப்பிள்ளைக்கு முன் பல் ஒண்ணு லேசாகத் திரும்பியிருக்கு, என்னுது முன்னாடி இருந்த மாதிரியே. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "மச்சான், நீங்க பல்லுல ஏதோ பண்ணிருக்கீங்களாமே, நானும் பண்ணலாமா?" என்று கேட்டார். இந்த எபிசோட் லிங்க்கை அவருக்கு அனுப்பப் போறேன்.

எனக்கு வர்ற வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட். அந்தக் கரும்புப் பல்லை மாத்தணும். இந்தத் தடவை கேள்விகளை நோட்ஸில் எழுதி வெச்சிருக்கேன், முதல் கேள்வி மாக்-அப். ரெண்டாவது, 'ஸ'.